லாச்சிக்குள் பூட்டிய அடையாள அட்டைகள்

பிள்ளைகளே, யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கொரு புடவைக்கடை இருந்தது. வேலையாட்கள் சொல்லாமல் விட்டுப் போய்விடக்கூடாதென்று அவர்களுடைய அடையாள அட்டைகளை வாங்கி என் மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

ஒருநாள் தேத்தண்ணி குடிக்கப் போன வேலையாள் செல்வத்தை, கையில் அட்டை இல்லையென்று பொலிஸ் பிடித்தது. நான் அட்டையோடு ஓடினேன். அதைக் காட்டியும் இரண்டு நாள் வைத்திருந்துதான் விட்டார்கள். அவருடைய உதடு வீங்கியிருந்தது.

"அட்டை என்னட்ட இருக்கெண்டு சொல்லியிருக்கலாமே?" என்று அதட்டினேன்.

"சொன்னனான், முதலாளி. 'உன்ர முதலாளியே உன்னை நம்பேல்லை, நாங்கள் ஏன் நம்பவேணும்' எண்டு கேட்டு அடிச்சாங்கள். இப்ப என்ர அட்டையைத் தாங்கோ."

வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

கடை வாசலால் போகும் காலி வீதியில் சோதனைச் சாவடி போட்டவர்களை நாள்முழுக்கத் திட்டியவன் நான். கடைக்குள் ஒன்றை நானே போட்டிருந்தது அன்றுதான் தெரிந்தது.