மூன்றாம் லயம், ஏழாம் காம்பரா

மாகாண சபை உறுப்பினர் ஒருவருக்கு உரை எழுதும் வேலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடு ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி வேண்டும் என்பது பிரேரணை. தகவல் தேடி ஹுன்னஸ்கிரியப் பக்கம் போனபோது, தன் மகனின் நேர்முகத் தேர்வுக் கடிதம் நாள் கடக்கும்வரை தோட்ட ஆபீசிலேயே கிடந்த கதையை ஓர் அக்கா சொன்னார்.

"பேர மட்டும் போட்றாதீங்க தம்பி. தொரைக்குத் தெரிஞ்சா வேலையும் போயிரும், குடியிருக்கிற காம்பராவும் போயிரும்."

நான் பெயரைப் போடவில்லை. உரை உயிரோடு இருக்கட்டும் என்று தோட்டத்தின் பெயரையும், அங்கே வரிசை வீடுகளில் அவர் இருந்த மூன்றாம் லயம், ஏழாம் காம்பரா என்பதையும் எழுதினேன். அங்கே ஒருவரை அடையாளம் சொல்வதே அப்படித்தான் என்பது டவுனில் வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை. உறுப்பினர் வாசித்ததும் சபை மேசையைத் தட்டியது. பிரேரணை நிறைவேறியது, பேப்பரிலும் வந்தது.

அந்தப் பேப்பரோடு ஓடிப்போய் ஏழாம் காம்பராவைத் தட்டினேன். வெளியே பூட்டு தொங்குவதைப் பிறகுதான் பார்த்தேன்.

"எங்க போனாங்க?" என்று பக்கத்துக் காம்பராக்காரரிடம் கேட்டேன்.

"சொன்னா அதையும் சபையில வாசிக்கவா?"

இன்றும் சபையில் மேசை தட்டும்போது எனக்கு அந்தக் கதவுதான் கேட்கிறது.