எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்

வேலூரில் வாசற்படி இல்லாத வீடு ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம். மழைத் தண்ணீருக்கும் சாக்கடைத் தண்ணீருக்கும் பயந்து, மூன்று படி நான்கு படி ஏற்றித்தான் இந்த ஊரில் வீடு கட்டுகிறார்கள். நடக்கிறவர்களுக்கு அது படி. ஃபீபிக்கு அது சுவர்.

ஃபீபிக்கு நாற்பத்தொரு வயது. குழந்தையில் வந்த போலியோ இரண்டு கால்களையும் முடக்கிவிட்டது. வெளியே போனால் வீல்சேர். வீட்டுக்குள் கைகளை ஊன்றித் தரையிலேயே நகர்ந்துகொள்வாள். துணையில்லாத மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கென்று சபையைச் சேர்ந்த ஒரு டிரஸ்ட் கட்டிவிட்ட ஆறு வீடுகளில் ஒன்று அவளுடையது. வாடகை பேருக்குத்தான். வாசலில் படிக்குப் பதில் சரிவு. உட்கார்ந்தபடியே சமைக்கத் தாழ்வான மேடை, தாழ்வான குழாய். குளியலறைக் கதவின் உள்பக்கம், தரையில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இதற்கு முன்னால் ஃபீபி குடியாத்தத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். கொல்லையில் இருந்த கழிப்பறைக்கு அண்ணிதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அண்ணி கெட்டவள் இல்லை. அவளுக்கும் கை இரண்டுதானே. அவளை அடிக்கடி கூப்பிடக் கூசி, பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்க ஃபீபி பழகிக்கொண்டாள். தாழ்ப்பாள் எங்கோ மேலே இருந்ததால் கதவு எப்போதும் பாதி சாத்தியபடிதான் இருக்கும். இந்த வீட்டுக்கு வந்த அன்று குளியலறைக்குள் போய், தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வெளியே நின்றவர்கள் கதவு மாட்டிக்கொண்டதோ என்று பயந்துபோனார்கள்.

டிரஸ்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை. தனியாக இருக்க வேண்டும். அண்ணனே வந்தாலும் ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். கல்யாணம் ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தக் கடைசி விதியை எழுதியவர்கள், அதற்கு ஒருநாள் வேலை வரும் என்று நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

வேலை வைத்தவர் எபனேசர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைக்கும் வேலையை வீட்டிலிருக்கும் பெண்களுக்குக் கொடுத்து வாங்குவது அவர் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும் வேனில் கட்டுக் கட்டாக அப்பர் கொண்டுவந்து ஃபீபி வீட்டில் இறக்குவார். ஐம்பதை நெருங்கும் மனிதர்; மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன; பிள்ளைகள் இல்லை.

முதலில் எல்லாம் வாசலிலேயே நிற்பார்.

"சிஸ்டர், போன லாட்ல தையல் லூஸா இருக்குதுன்னு சொல்றாங்க."

"காட்டுங்க பிரதர்." வாங்கிப் பார்த்துவிட்டு ஃபீபி சிரிப்பாள். "இது என் கையே இல்ல. வேற யார் தலையிலயாவது கட்டுங்க."

பிறகு டீ. பிறகு சாப்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போனா டிவிய போட்டு வுட்டுட்டுத்தான் சாப்புடுவேன். யாராவது பேசுற சத்தம் வேணும் இல்ல?" என்றார். அன்றுதான் சிஸ்டர் ஃபீபியானாள். அவர் போன பிறகு, தனக்கும் அந்தச் சத்தம் எத்தனை வருடமாக வேண்டியிருந்தது என்று நினைத்து நினைத்து ஃபீபி அழுதாள்.

"நானே இங்க வந்துட்டா இன்னா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இங்க ஆம்பள தங்கக் கூடாது."

"அப்ப நீ ஆம்பூர் வந்துடு."

"உங்க வீடு மாடிலதானே இருக்குது?"

அப்பா விட்டுப்போன வீட்டில் கீழ்ப்பாகம் தம்பிக்கு, மாடி அவருக்கு. தரைத்தளத்தில் வாடகைக்கு வீடு தேடினார்கள். எங்கே போனாலும் படி. ஒரு வீட்டில் படி குறைவுதான். சரிவு கட்டிக்கொள்கிறோம் என்றதற்கு, "வாசல் லட்சணமே போயிடும்ங்க" என்று சொந்தக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு வீட்டில் குளியலறைக் கதவு வீல்சேர் நுழையாத அளவுக்கு ஒடுக்கம். இதற்கிடையில் ஃபீபிக்கு அரசாங்கத்திலிருந்து மாதாமாதம் வரும் உதவித்தொகை வேறு. சம்பளக்காரரைக் கட்டிக்கொண்டால் நின்றுவிடும் என்றார் அலுவலகத்தில் ஒருவர். அதெல்லாம் நிற்காது, அது வேறு திட்டம் என்றார் பக்கத்து மேஜைக்காரர். இருவரும் ஆளுக்கொரு பக்கம் தலையாட்டியதில் ஃபீபிக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு திருட்டு யோசனைக்கு வந்தார்கள். கல்யாணத்தை ஆம்பூரில் சத்தமில்லாமல் முடித்துக்கொள்வது. வீடு கிடைக்கும்வரை அவள் வேலூரில், அவர் ஆம்பூரில். ஆனால் எபனேசர் ஒன்றில் பிடிவாதமாக நின்றார். ஓலை வாசிக்காமல் கல்யாணம் கிடையாது. இன்னார்க்கும் இன்னார்க்கும் திருமணம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவித்து, தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்பதுதான் ஓலை. ரகசியக் கல்யாணத்தையும் ஊரறிய ஓலை வாசித்துத்தான் செய்வேன் என்கிற மனிதரை என்ன சொல்வது!

"ஆண்டவருக்குத் தெரியணும், டிரஸ்டுக்குத் தெரியக் கூடாது. அப்டித்தானே?" என்று ஃபீபி கேலி செய்தாள்.

"ஆம்பூர்ல வாசிச்சா வேலூருக்கு எப்டி கேக்கும்?"

கேட்டது. மாப்பிள்ளை சபையில் வாசிக்கும் ஓலையைப் பெண்ணின் சபையிலும் வாசிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் ஊரார் ஓலைகளைக் கேட்டு வளர்ந்த இரண்டு பேருக்கும், தங்கள் முறை வந்தபோது இது மறந்துபோனது. சந்தோஷத்தில் புத்தி கொஞ்சம் மழுங்கித்தான் போகும். ஆம்பூர் ஆயர் எபனேசருக்கு மறுவாழ்வு வந்த மகிழ்ச்சியில் வேலூர் ஆயருக்குக் கையோடு தகவல் அனுப்பிவிட்டார்.

பக்கவாட்டு வழியில் வீல்சேரில் உட்கார்ந்திருந்த ஃபீபி தன் பெயரை ஆயர் வாயால் கேட்டாள். சபையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஆராதனை முடிந்ததும் முதலில் ஓடிவந்தவர் டிரஸ்டின் செயலாளர் கிரேஸி டீச்சர்தான். கட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் பொய்யில்லை.

"ஆண்டவர் உன்ன கைவுடல பாத்தியா! சாவிக்கெல்லாம் ஒண்ணும் அவசரமில்லடா. மூணாவது ஓலை முடியட்டும்."

அந்த வாரத்திலேயே டீச்சர் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். அடுத்து இந்த வீட்டுக்குக் காத்திருப்பவள்; மேல்விஷாரத்துப் பெண், பெயர் பில்கிஸ். இருபத்தைந்து வயது இருக்கும். அவளும் தரையில் கையூன்றித்தான் வந்தாள். வாப்பா மௌத்தான பிறகு ஒவ்வொரு அக்கா வீடாக மாறி மாறி இருக்கிறாளாம். அடுப்பு மேடையைத் தொட்டுப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள், குளியலறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நேரமாயிற்று.

"இன்னாம்மா பண்ற உள்ள?" என்றார் டீச்சர்.

ஃபீபி அவர் கையைப் பிடித்தாள். "விடுங்க டீச்சர். வருவா."

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்த பில்கிஸின் கண் சிவந்திருந்தது. "அக்கா, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்றாள். ஒரு சொம்பு குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டுக் குடித்தாள். பகல் நேரத்தில் அப்படி வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிற பெண்ணை ஃபீபிக்கு நன்றாகத் தெரியும். போகும்போது பில்கிஸ் ஃபீபியின் செல் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை எபனேசர் வேனைக் கேட்டு வாங்கிவந்து அவளை ஆம்பூருக்குக் கூட்டிப்போனார், இருக்கப்போகிற வீட்டைப் பார்க்க. இனி ஒளிக்க எதுவுமில்லை, மாடிதான் என்று ஆகிவிட்டதே. படி குறுகல். அவளை முதுகில் சுமந்து ஏறினார்.

"பாத்தியா, இன்னா வெயிட்டு நீ? தெனம் தூக்குவேன்." மூச்சு வாங்கியது. மறைக்கப் பார்த்தார்.

மேலே கட்டிலின் கால்களை அறுத்துத் தாழ்த்தியிருந்தார். அடுப்பைப் பலகை போட்டுக் கீழே இறக்கியிருந்தார். ஜன்னலோரம் வெளிச்சமாக அவள் தைக்க இடம். அவருடைய மனதெல்லாம் அந்த அறையில் பரவிக் கிடந்தது. பெரிய கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியே கீழே முற்றத்தில் இருந்த கழிப்பறையைக் காட்டினார். மாடியில் கழிப்பறை கட்டத் தம்பி சம்மதிக்கவில்லை. எல்லோருக்கும் கீழே உள்ளதுதான்.

"தாப்பாவ எறக்கிட்டேன், ஃபீபி. உன் கைக்கு எட்டுற மாதிரி. நானே ஸ்க்ரூ போட்டேன்."

"நீங்க வேலைக்குப் போயிட்டா?"

"காலைல ஏழுக்குப் போயி ஏழுக்கு வந்துருவேன். நடுவுல தம்பி சம்சாரம் இருக்குது. ஒரு குரல் குடுத்தா போதும். அவளும் அவ பெரிய பையனுமா எறக்கி வுட்ருவாங்க."

மத்தியானம் பிரியாணி வந்தது. தம்பி மனைவி வந்து அன்பாகப் பேசிவிட்டுப் போனாள். தொண்டை வறண்டபோதுதான் ஃபீபி பக்கத்தில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். தண்ணீர் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் குடிக்கவில்லை. குடிக்கக் கூடாது என்று அவள் முடிவு செய்யவும் இல்லை. உடம்பு தானாகவே குடியாத்தத்துக்குத் திரும்பிவிட்டது.

அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர்மேல் இருக்கும் ஆசையைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது. அதுதான் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"மூணாவது ஓலை வேணாங்க," என்றாள்.

எபனேசர் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தாப்பா இன்னும் கொஞ்சம் எறக்கணுமா?"

"இல்லங்க." அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தாப்பா சரியாத்தான் இருக்குது."

மறுநாள் கோயிலில் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலை வாசிக்கப்பட்டது. மூன்றாவதாக ஒன்று வரும் என்று சபை காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. ஆயர் பாட்டு எண்ணைச் சொன்னார். கிரேஸி டீச்சர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் அவளைக் கடந்து போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் பில்கிஸ் போன் செய்தாள். "அக்கா, மூணாவது வாசிச்சாச்சா?"

"இல்லம்மா."

"அடுத்த வாரமாங்கக்கா?"

ஃபீபி எப்படியோ சொன்னாள். "இல்ல பில்கிஸ். நான் இங்கயேதான் இருக்கப் போறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் குழந்தை அழுகிற சத்தமும் மிக்ஸி ஓடுகிற சத்தமும் மட்டும் கேட்டன. "சரிங்கக்கா," என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. இறங்கியவர் வேறு ஆள்.

"எபனேசர் சார் பேரணாம்பட்டு லைனுக்கு மாறிட்டாருங்க. இனிமே நான்தான். எங்க வெக்கட்டும், சிஸ்டர்?"

"அந்த மூலைல வெச்சிடுங்க, பிரதர்."

வேன் போயிற்று. மூலையிலிருந்த அப்பர் கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையூன்றி நகர்ந்து குளியலறைக்குப் போனாள். வீட்டில் வேறு யாருமில்லை, யாரும் வரப்போவதுமில்லை. இருந்தாலும் தாழ்ப்பாளைப் போட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவி வெளியே வந்து, பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு முழுவதும் குடித்தாள்.