பென்சில் மறைத்த காயம்

ஒரு மனிதனின் சாவுக்கு இருந்த சாட்சியைப் பென்சிலால் அழித்தவன் நான். ஆம்... அழித்தேன்! அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

அப்போது கிருஷ்ணகிரியில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. கறுத்த முகத்தை வெளுப்பாக்குவேன். அம்மைத் தழும்பை மறைப்பேன். படம் முதலில் பதியும் நெகட்டிவ் கண்ணாடியின்மேல் கூரிய பென்சிலால் மெல்லத் தீட்டினால் போதும், படத்தில் தழும்பு இருந்த இடமே தெரியாது. அந்தக் கைவேலையில் எனக்கிருந்த கர்வத்தை என்னவென்று சொல்வேன்!

சூளகிரிப் பக்கம் ஒரு கல் குவாரியில் வெடி வைத்தபோது, கூலிக்காரன் முனியப்பனின் நெற்றியில் கல் தெறித்தது. அங்கேயே உயிர் போயிற்று. முதலாளியோ, அவன் குடிசையில் காய்ச்சலில் செத்தான் என்று சாதித்தார். உடன் வேலை செய்தவர்கள் படமெடுக்க என்னை அழைத்துப் போனார்கள்.

எங்கள் பக்கத்தில் செத்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்துத்தான் படம் பிடிப்பது. முனியப்பனுக்கும் நாற்காலி இருந்தது, மாலை இருந்தது. முகத்தை மட்டும் கழுவவில்லை.

"காயம் நல்லாத் தெரியணும் சாமி. அதிகாரிங்க கண்ணால பாக்கட்டும்" என்றாள் அவன் மனைவி லட்சுமம்மா. புருஷன் முகத்து ரத்தத்தைத் துடைக்காமல் நின்றாளே... அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

தெரியும்படிதான் எடுத்தேன். ஆனால் இருட்டறையில் அந்த நெகட்டிவ் கண்ணாடியைப் பார்த்தபோது மனம் பொறுக்கவில்லை. என் ஸ்டூடியோ முத்திரையோடு இப்படியொரு கோர முகம் வெளியே போவதா? கொஞ்சம் தீட்டலாம் என்று தொடங்கினேன். கை நிற்கவில்லை. நெற்றி வழவழப்பாயிற்று.

எதற்கான படம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! அதிகாரி படத்தை மட்டுமா பார்க்கப்போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விசாரணை நடந்தபோது முனியப்பனைப் புதைத்து வெகுநாள் ஆகியிருந்தது. கூலிக்காரர்கள் சொன்னது எடுபடவில்லை; படத்தை விட்டால் வேறு சாட்சி இல்லை.

"இதில் காயமே இல்லையே. நெகட்டிவில் கை வைத்தாயா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒப்புக்கொண்டால் என் படங்களை இனி யார் நம்புவார்கள் என்ற பயம்... அவ்வளவுதான். டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்திருந்தால் பென்சில் போய், காயம் திரும்ப வந்திருக்கும். கண்ணாடி அப்போது என் பையில்தான் இருந்தது!

காய்ச்சலில் செத்தான் என்று எழுதி முடித்தார்கள். லட்சுமம்மாவுக்கு நஷ்டஈடு இல்லை; குவாரிக் குடிசையையும் காலி செய்யச் சொன்னார்கள். பிள்ளைகளோடு மைசூர் எல்லை தாண்டிப் பிழைக்கப் போனாள். போகுமுன் ஸ்டூடியோவுக்கு வந்து அந்தப் படத்தை என்னிடம் நீட்டினாள்.

"அந்தக் காயம் எங்க சாமி போச்சு?"

திட்டவில்லை. அழவும் இல்லை. நான் எதையோ தேடுவதுபோல் உள்ளே திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போதாவது துடைத்தாயா என்று நீங்கள் கேட்பீர்கள். எத்தனையோ முறை துணியை நனைத்திருக்கிறேன்... நெற்றிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன். அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துணிதான் காய்ந்துபோகிறது.