சூட்டில் பிழைத்த ஒற்றைப் புள்ளி

எங்கள் ஆய்வகத்தில் அவளை எல்லோரும் குளிர்பெட்டி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பாக்டீரியாவைக் கட்டிக்கொண்டு மாரடிப்பதுதான் அவள் வேலை.

பாக்டீரியாவின் குரோமோசோம் அதன் உடம்பைவிடப் பல நூறு மடங்கு நீளமான நூல். சில புரதங்கள் அதை மடித்துச் சுருட்டி, செல் இரண்டாகும்போது ஆளுக்கொரு பங்கு கிடைக்கும்படி பிரித்துவைக்கின்றன. அக்காவின் பாக்டீரியாவில் அப்படியொரு புரதத்தை வேண்டுமென்றே நீக்கியிருந்தார்கள். சூட்டில் வேகமாக வளர்ந்தால் நூல் சிக்கலாகிவிடும். பிரியும் ஒரு பிள்ளைச் செல்லுக்கு மொத்தச் சிக்கலும் போகும், இன்னொன்று வெறும் கூடு. இரண்டும் சாகும். குளிரில் மெதுவாக வளர்ந்தால் எப்படியோ தப்பித்துக்கொள்ளும். அதனால் அதன் இடம் எப்போதும் குளிர்பெட்டிதான். ஒருமுறை அக்கா காய்ச்சலில் படுத்தபோது, யாரோ ஒரு புத்திசாலி பழக்கதோஷத்தில் அதையும் மற்ற குழாய்களோடு சூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டான். மொத்தமும் செத்துப்போனது. அதோடு அக்கா விடுப்பு எடுப்பதற்கே மங்களம் பாடியாகிவிட்டது.

அக்காவின் கணவரும் மகளும் வேறு ஊரில். அங்கேயே அக்காவுக்கு வேலையும் கிடைத்திருந்தது.

"சூட்டுல இது சாகுதுன்னு கடைசியா ஒரு தட்டு காட்டிடும்மா. அப்புறம் நீ தாராளமா கிளம்பலாம்" என்றார் பேராசிரியர்.

அன்றே அக்கா ஒரு வளர்ப்புத் தட்டில் பாக்டீரியாவைத் தடவிச் சூட்டுப்பெட்டியில் வைத்தாள். மறுநாள் ஊருக்குக் கிளம்பப் பயணப்பெட்டியோடு வந்தாள். சூட்டுப்பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். காலியாக இருக்கவேண்டிய தட்டில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. ஏதோ ஒன்று பிழைத்துப் பெருகியிருந்தது.

"வேற ஏதாவது கிருமியா இருக்கும்" என்றாள். இருக்கவேண்டுமே என்ற தவிப்பு குரலிலேயே தெரிந்தது. எல்லாச் சோதனையும் செய்தாள். அவளுடைய பாக்டீரியாவேதான். நுண்ணோக்கியில் நானும் பார்த்தேன். ஒவ்வொரு செல்லிலும் நூல் ஒழுங்காகப் பிரிந்திருந்தது.

"அந்தப் புரதம் இல்லாமயே சமாளிச்சிருக்குடி" என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தூக்கிக் குப்பையில போடுங்கக்கா! யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்று தட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

பேராசிரியர் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். "எப்படிப் பொழச்சுதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும். உன்ன விட்டா இத யாரும்மா பாத்துக்குவா? இன்னும் கொஞ்ச நாள்தான்."

அந்தக் கொஞ்ச நாளை நாங்கள் பல வருஷமாகக் கேட்கிறோம். அக்கா தன் மேசைக்குத் திரும்பியதும் போன் அடித்தது. மகள்.

"அம்மா, பெட்டியெல்லாம் கட்டியாச்சா?"

"கட்டியாச்சு கண்ணு."

பயணப்பெட்டியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, புதுத் தட்டு ஒன்றை எடுத்தாள்.