பிச்சைமுத்துவின் கண்ணில் தண்ணீர் இல்லை

தியாகதுருகம் பக்கத்து டீக்கடைகளில் போய்ப் பிச்சைமுத்து வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அழுமூஞ்சி டிரைவர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், கிளாஸைக் கீழே வைக்காமலே கை காட்டுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரை மறந்துவிட்டு, ஒருத்தன் உடம்பில் எது கோளாறோ அதையே பெயராக்கிக் கூப்பிடுவதில் நம் ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பிச்சைமுத்து களமருதூரில் கையகல நிலமும் இல்லாத வீட்டில் பிறந்தவர். மீசை முளைக்கும் முன்பே கரும்பு வெட்டப் போனார். வெட்டிய கரும்பைத் தலையில் சுமந்து டிரெய்லரில் அடுக்கினார். அடுக்கிக்கொண்டே டிரைவர் என்ன செய்கிறான் என்று பார்த்து, வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார். நாராயணசாமி என்கிற விவசாயி தன் டிராக்டரை இவரிடம் ஒப்படைத்தார், இவர் அதோடு தியாகதுருகத்துக்கே குடிவந்துவிட்டார். அரவைப் பருவத்தில் ஆலைக்குக் கரும்பு, மற்ற நாளில் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து மரவள்ளிக் கிழங்கு. பின்னால் இருக்கும் கிழங்குக்குத் தார்ப்பாய் உண்டு. முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குக் கண்ணாடி கிடையாது, தடுப்பு கிடையாது. காற்று, புழுதி, கரும்புச் சோகை எரிக்கிற புகை எல்லாம் நேரே முகத்துக்குத்தான்.

இப்படியே வருஷக்கணக்காக ஓட்டியதில் கண் தகராறு செய்ய ஆரம்பித்தது. முதலில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். அப்புறம் சாயங்காலமானால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். கடைசியில் தண்ணீர். சும்மா கசிவதில்லை, கன்னத்தில் வழிந்து சட்டைக் காலரை நனைக்கும் தண்ணீர். சூடு என்று ஊர் சொன்னது. எண்ணெய் தேய்த்துக் குளித்தார். மனைவி சாலம்மாள் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாள். மருந்துக்கடையில் சிவப்பு மாற ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதை ஊற்றினால் கொஞ்ச நேரம் கண் வெளுக்கும், பிறகு முன்னைவிடச் சிவக்கும். சிவந்ததும் மறுபடி ஊற்றுவார். இப்படி ஒரு குப்பி காலியாவதற்குள் அடுத்த குப்பி வந்துவிடும்.

அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. மகள் அருள்மொழிக்கு மணலூர்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது.

பையன் பெயர் வெற்றிவேல், பைக் மெக்கானிக். இரண்டு பேரும் போட்டோ பார்த்தார்கள், போனில் பேசினார்கள், பிடித்துப்போயிற்று. பையனின் அப்பா ராஜாங்கம் சாது. அந்த வீட்டில் எடுபடுவது அவருடைய அக்கா சின்னப்பொண்ணுவின் சொல்தான். பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டால் அன்றைக்கே பூ வைத்துவிடலாம் என்று பந்து பந்தாக மல்லிகை வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இங்கேதான் சாலம்மாள் ஒரு புத்திசாலித்தனம் செய்தாள். நனைந்த துணி காற்றில் காயவில்லையா, நனைந்த கண் காயாதா? டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கணவன் முகத்துக்கு நேரே, முழு வேகத்தில் வைத்துவிட்டாள். பிச்சைமுத்துவும் தன் பங்குக்குச் சிவப்பு மாறுகிற மருந்தை ரெண்டு கண்ணிலும் தாராளமாக ஊற்றிக்கொண்டார். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான். வந்தவர்கள் உட்கார்ந்து காபியைக் கையில் எடுப்பதற்குள் அருவி கொட்ட ஆரம்பித்தது. அவர் சிரித்துக்கொண்டே "வாங்க, வாங்க" என்கிறார், தண்ணீர் மோவாயில் சொட்டுகிறது. துண்டால் துடைக்கத் துடைக்க, விம்மி விம்மி அழுகிற மனிதனைப் போலவே இருந்தார்.

சின்னப்பொண்ணு காபியைக் கீழே வைத்தார்.

"இன்னாங்க, பொண்ணப் பெத்தவரு இப்பிடி அழுவுறாரு?"

"அழுவலிங்க, கண்ணு நோவு" என்றாள் சாலம்மாள்.

"கண்ணு நோவுன்னா ஒரு கண்ணுல வரும். இது ரெண்டுலயும் ஊத்துதே?"

அவர்கள் எழுந்து, கொண்டுவந்த மல்லிகையைப் பையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொண்டுவந்த பூ வைக்கப்படாமல் திரும்பிப் போவதைவிட ஒரு பெண் வீட்டுக்கு வேறு அவமானம் வேண்டாம். தெருவுக்குக் கேட்கவா வேண்டும்? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. பொண்ணுக்கு வேறே எவன் மேலேயோ எண்ணமாம், அதனால்தான் அப்பன் அழுகிறானாம்.

தரகர் தங்கதுரை சேதி கொண்டுவந்தார். "பொண்ணப் புடிச்சிருக்குதாம். ஆனா அப்பனுக்கு இஷ்டமில்லாத கல்யாணம் வாணாம், கண்ணீர் வுட்ட வூட்ல பூ வைக்க மாட்டோம்னு அந்த அம்மா சொல்லிடுச்சி."

அருள்மொழி உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். பிச்சைமுத்து தன் பாழாய்ப் போன கண்ணால் பெண்ணின் வாழ்க்கை போய்விடுமோ என்று பயந்தார். மறுநாள் காலையில் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"கெளம்பு. கண் டாக்டர்கிட்ட போறோம். இனிமே ஒருத்தரு சொல்றதயும் நான் கேக்க மாட்டேன்."

கள்ளக்குறிச்சியில் டாக்டர் தனுஷா இருவர் சொன்னதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கீழ் இமையில் மடித்துச் சொருகினார். கண்ணில் எவ்வளவு ஈரம் ஊறுகிறது என்று அந்தக் காகிதம் சொல்லுமாம். குளத்தில் முக்கியெடுத்தது போல அது நனைந்து வரப்போகிறது என்று பிச்சைமுத்து எதிர்பார்த்தார். எடுத்துப் பார்த்தால் நுனியில் கொஞ்சம்தான் ஈரம். அடுத்து டாக்டர் இமை ஓரத்தை மெல்ல அழுத்தினார். பற்பசை மாதிரி கெட்டியாக ஏதோ வெளியே வந்தது.

"ஐயா, உங்க கண்ணு வறண்டுபோய் இருக்கு."

பிச்சைமுத்து மகளைப் பார்த்தார். மகள் டாக்டரைப் பார்த்தாள்.

"ஊருக்கே தண்ணி பாய்ச்சலாம் இந்தக் கண்ண வச்சி. வறண்டு போச்சின்றீங்களே?"

டாக்டர் சிரித்துவிட்டார். "எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. இமை ஓரத்துல வரிசையா எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. கண்ணுல இருக்குற தண்ணி மேல அந்த எண்ணெய் பாலாடை மாதிரி படர்ந்தாத்தான் தண்ணி காயாம நிக்கும். உங்களுக்கு அது அடைச்சி, உறைஞ்ச நெய் மாதிரி ஆயிடுச்சு. உள்ள ஊறுற தண்ணியும் கம்மி. கண்ணு காஞ்சி எரியுது. எரிஞ்சதும் பதறிப்போய்த் தண்ணிய அள்ளிக் கொட்டுது. அந்தத் தண்ணி நிக்காது, வழிஞ்சி போயிடும். மறுபடி காயும், மறுபடி கொட்டும்."

"அப்ப ஃபேன் வச்சது?" என்று கேட்டார் பிச்சைமுத்து.

"அதுதான் சரியான வேல பண்ணியிருக்கு" என்றார் டாக்டர்.

சிவப்பு மாறுகிற மருந்தை அன்றோடு நிறுத்தச் சொன்னார். காலையும் மாலையும் வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய கண் மேல் பத்து நிமிஷம் வைக்க வேண்டும், ஆற ஆற மாற்ற வேண்டும், அப்புறம் இமையை மெல்ல நீவி ஓரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கண்ணீர் போலவே இருக்கும் சொட்டு மருந்தை அவ்வப்போது விட வேண்டும். வண்டி ஓட்டும்போது ஓரம் மூடிய கண்ணாடி போட வேண்டும், ரோட்டையே முறைத்துக்கொண்டிருக்காமல் இமையை முழுசாக மூடித் திறக்க வேண்டும். வாய் உலர்கிறதா, மூட்டு வலிக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். வேறு நோயின் அறிகுறியாகவும் சிலருக்குக் கண் வறளுமாம், இவருக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"இதுல சரியாவலன்னா?" என்று கேட்டாள் அருள்மொழி.

"வீக்கம் குறைக்கிற மருந்து இருக்கு. கண்ணீர் வடியிற துவாரத்துல சின்னதா அடைப்பு வெச்சி, இருக்குற ஈரத்த நிறுத்தலாம். அதெல்லாம் அப்புறம். ஒரே நாள்ல போவாதும்மா, தெனமும் பல்லு வெளக்குற மாதிரி இதையும் செய்யணும்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிச்சைமுத்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "தண்ணி வழியிற கண்ணுக்குத் தண்ணி ஊத்தணுமாம். நம்மள வச்சி வெளையாடுறாங்கம்மா."

"வெளக்கெண்ண ஊத்துனப்ப சும்மாத்தான இருந்த? இதையும் ஊத்து" என்றாள் மகள்.

வாய்தான் முணுமுணுத்ததே தவிர, மனிதர் ஒரு வேளை தவறவில்லை. மகளின் கல்யாணம் இமை ஓரத்தில் அடைத்துக்கொண்டு நிற்பதாகவே நினைத்து ஒத்தடம் கொடுத்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு டிராக்டரில் போனால் ஆலை வாசலில் மற்ற டிரைவர்கள் விசில் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், உறைந்த நெய் உருகாதா? மாசம் ஒன்று ஓடுவதற்குள் உறுத்தல் குறைந்தது. சாயங்கால எரிச்சல் எப்போதாவது வந்தது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் காலர் நனையவில்லை.

சாலம்மாள் தங்கதுரையைத் தூது அனுப்பலாம் என்றாள். "வாணாம். அழுதது நான், நானே போறேன்" என்று பிச்சைமுத்து கிளம்பிவிட்டார்.

கிளம்பியவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். சம்மந்தி வீட்டுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு போய் இறங்கினால் எடுப்பாக இருக்குமாம், மரியாதை இல்லையாம். கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரிஷிவந்தியம் வழியாக மொபெட்டில் எதிர்க்காற்றில் போனார். மணலூர்பேட்டையில் போய் நின்றபோது ரெண்டு கண்ணும் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ, மறுபடியும் அழுதுக்கினே வந்துட்டாரே!" என்று சின்னப்பொண்ணு தலையில் கை வைத்தார்.

பிச்சைமுத்துவுக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவர், திரும்பிப் போக முடியுமா? "சம்மந்திம்மா, கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க. ஒரு சுத்தமான துணியும்" என்றார்.

குளிக்கப் போகிறாரோ என்று அவர்கள் விழித்தார்கள். வெற்றிவேல் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். பிச்சைமுத்து சூடு பதமாக இருக்கிறதா என்று கையில் வைத்துப் பார்த்து, துணியை நனைத்துப் பிழிந்து, நடுக்கூடத்தில் நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்து கண்ணில் வைத்துக்கொண்டார். துணி ஆறியது, மறுபடி நனைத்தார். வீடே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. இமையை நீவித் துடைத்தார், பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து விட்டுக்கொண்டார், கண்ணை மூடிக் கொஞ்சம் இருந்தார். பிறகு திறந்தார். கண் தெளிவாக இருந்தது.

"நான் அன்னிக்கி அழுவலிங்க. என் கண்ணுல தண்ணியே இல்ல, அதான் சங்கதி" என்று ஆரம்பித்து, நெய், ஆடை, அடைப்பு, ஃபேன் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் முன்னே பின்னேயாகச் சொல்லி முடித்தார். ஃபேன் கதைக்கு ராஜாங்கம் வாய்விட்டுச் சிரித்தார். சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இந்தக் கல்யாணத்துல உங்களுக்கு இஷ்டமா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"எம் பொண்ணுக்கு இஷ்டங்க. பையனும் தங்கமான பையன். எனக்கும் முழுசா இஷ்டங்க."

அந்த அம்மாளின் குரல் இறங்கியது. "எனக்குப் பூ வைக்கிறப்ப எங்கப்பன் மூலையில ஒக்காந்து அழுதுக்கினு இருந்தாரு. அவருக்கு இஷ்டமில்ல, எனக்கும் இஷ்டமில்ல. ஏன் அழுவுறன்னு ஒருத்தரும் கேக்கல. பூவ வச்சிட்டாங்க. அப்புறம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அதான், உங்களப் பாத்ததும் எனக்கு எங்கப்பன் ஞாபகம் வந்துடுச்சி. நல்ல பொண்ணு, நம்மால கெட்டுடக் கூடாதுன்னு எழுந்து வந்துட்டேன்."

சகுனம் பார்க்கிற கிழவி என்று இத்தனை நாள் மனசுக்குள் வைதுகொண்டிருந்ததை நினைத்துப் பிச்சைமுத்து வெட்கப்பட்டார். கைகூப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மல்லிகை மறுபடி வந்தது. டேபிள் ஃபேன் சுவரைப் பார்த்துச் சுற்றியது. பிச்சைமுத்து விடிந்ததும் ஒத்தடம் கொடுத்து, மருந்தும் விட்டு, வெள்ளை வேட்டியில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஒரு முறையாவது அவர் கண்ணை எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். சொட்டு ஈரம் இல்லை.

அருள்மொழி வந்து மனையில் உட்கார்ந்தாள். சின்னப்பொண்ணு பூவை எடுத்து அவள் கூந்தலில் வைக்கக் கை நீட்டியபோது, அவள் தலையைக் கொஞ்சம் திருப்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவுதான். மனிதருக்கு வாய் கோணியது. ரெண்டு கண்ணிலிருந்தும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"மருந்து ஊத்தலியா நீ?" என்று சாலம்மாள் பதறினாள்.

சின்னப்பொண்ணுவின் கை பூவோடு அப்படியே நின்றது.

"ஊத்துனேன்டி" என்றார் பிச்சைமுத்து. "இது நோவு இல்லிங்க சம்மந்திம்மா. இது எஞ் சொந்தத் தண்ணி. நெசமாவே அழுவுறேன்."

சின்னப்பொண்ணு அவர் முகத்தைப் பார்த்தார். "சந்தோசத்துல அழுவுற அப்பன இன்னிக்கித்தான் பாக்குறேன். நல்லா அழுவுங்க" என்று சொல்லிவிட்டு, பையில் இருந்த அத்தனை பூவையும் அருள்மொழி தலையில் வைத்தார்.