மக்கீன் நானா விட்ட மீன்கள்

அலவத்துகொட மக்கீன் நானாவுக்கு இளகிய மனசு. எல்லா வினைக்கும் அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அவர் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறார். கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னும் டேங்க் கிளீனர் மீனை விரலளவில் விற்பார். அது முழங்கை நீளம் வளர்ந்ததும் வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். கொல்ல நானாவுக்குக் கை வராது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாளியோடு போய்ப் பிங்கா ஓயா ஆற்றில் விட்டுவிட்டு, நன்மை செய்த முகத்தோடு சோறு தின்ன வருவார். இப்படிப் பன்னிரண்டு வருடம்!

போன வருடம் திகனவிலிருந்து சின்னமுத்து ஒரு சாக்கோடு கடைக்கு வந்தார். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் வலை போட்டுப் பிழைப்பவர். சாக்குக்குள் கிழிந்த வலை. அதில் முள்செட்டை மாட்டிக் கிடந்தன ஏழெட்டு டேங்க் கிளீனர்கள்.

"மீனப் பத்தித் தெரிஞ்சவர் நீங்கதான் நானா. இது என்ன சனியன்? திலாப்பியா முட்டையத் தின்னுது, வலையக் கிழிக்குது. இன்னும் ஒரு வருசம் இப்படியே போனா வள்ளத்த வித்துட்டுக் கொழும்புக்குக் கூலி வேலைக்குப் போயிருவேன்."

பிங்கா ஓயா மகாவலியில் சேர்வதும், மகாவலி விக்டோரியாவுக்குப் போவதும் நானாவுக்குத் தெரியாததா?

"நான்தான் உட்டேன், சின்னமுத்து," என்றார் கடைசியில். "பாவம் பாத்து உட்டேன்."

சின்னமுத்து அவரையே பார்த்தார். "என்னயப் பாவம் பாக்கலயே நானா."

அன்று நானாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே அந்த மீனை விற்பதை நிறுத்தினார். 'வளர்ந்த டேங்க் கிளீனரை ஆற்றில் விடாதீர்கள், என்னிடம் தாருங்கள்' என்று கடை வாசலில் பலகை மாட்டினார். ஞாயிறுதோறும் சுபஹு தொழுதுவிட்டு, அதே வாளியோடு திகனவுக்குப் பஸ் ஏறினார். யாரும் தின்னாத மீன் என்று மற்ற வலைக்காரர்கள் திரும்பத் தண்ணீரிலேயே எறிந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினார். தானே வெட்டி, தன் மிளகுக் கொடிகளுக்கு அடியில் புதைத்தார். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியதில் விரலும் வெட்டுப்பட்டது. அந்தக் கதையை அவர் மனைவி ஜெஸீமா ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

அத்தனையையும் பிடித்துவிட முடியாது, நானாவுக்கும் தெரியும். ஆனால் போன ஞாயிறு சின்னமுத்துவின் வலையில் டேங்க் கிளீனர் மூன்றுதான். மற்றதெல்லாம் திலாப்பியா. வள்ளத்தை விற்கும் பேச்சே இப்போது இல்லை.

அன்று வலையில் துடித்த திலாப்பியாக் குஞ்சுகளைச் சின்னமுத்து பொறுக்கி எடுத்து நானாவின் வாளியில் போட்டார்.

"இந்தாங்க நானா. இத விடுங்க."

நானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, வாளியை மெதுவாகச் சரித்தார்.