சுருளிப்பட்டிக்கு மேலே ஒரு ராட்டினம்

பண்ணைப்புரம் பெருமக்கள், பஸ் ஸ்டாப்பில் வெட்டியாக உட்கார்ந்திருப்போர், என் வகுப்புத் தோழர்கள் அனைவருக்கும் மிகுந்த பெருமிதத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: பொங்கல் லீவில் ஒரு சனிக்கிழமை நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போட்டேன். நாடு அதிர்ந்ததா என்று தெரியாது. ஆனால் அந்த ஷூ காலை ஒன்பது மணிக்குத் தரையை விட்டுக் கிளம்பியது. உள்ளே என் கால் இருந்தது.

எதற்காகப் போனேன்? ஒரு பெயருக்காக. போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவில் பெரிய ராட்டினத்தில் ஏறினேன். உச்சிக்குப் போனதும் "எறக்கி விடுங்கண்ணே" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். கொஞ்சம் சத்தமாக. ராட்டினத்தையே நிறுத்தி இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரில் என் பெயர் 'ராட்டினம்'.

எங்கள் பக்கம் பட்டப்பெயர் என்பது விளையாட்டுக் காரியமில்லை. ஒருத்தருக்கு ஒட்டினால் பேரன் வரைக்கும் ஓடும். எங்கள் தெருவில் 'பூனைக்கண்ணு வீடு' என்று ஒரு வீடு இருக்கிறது. அங்கே இப்போது யாருக்கும் பூனைக்கண் இல்லை, பூனைகூட இல்லை. நாளைக்கு என் மகனை 'ராட்டினம் மகன்' என்பார்கள். எனக்குப் பதினேழு வயதுதான் ஆகிறது, இருந்தாலும் பிறக்கப் போகிற பிள்ளையின் மானத்தைக் காப்பது தகப்பன் கடமை அல்லவா?

பெரியம்மா மகள் செல்வி அக்கா கம்பத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்துக் கரட்டிலிருந்து, அதாவது சின்னக் குன்றிலிருந்து, பாராகிளைடரில் பறக்கவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். இன்ஜின் கிடையாது. துணியில் ஒரு இறக்கை, கொஞ்சம் கயிறு, நிறையக் காற்று, நமக்குப் பின்னால் ஒரு பைலட். அவ்வளவுதான் வண்டி.

"ஏலே ராட்டினம், நீ பறந்துட்டா நானே ஊரு பூரா சொல்லி அந்தப் பேரை அழிக்கிறேன். பறக்கலைன்னா உன் கல்யாணப் பத்திரிகையிலயும் அதான் பேரு" என்றாள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் வீட்டில் கையெழுத்து வேண்டும். திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த அப்பா, "போ, அங்கன போயிக் கத்து. இங்கன ஒரு நாளாச்சும் நிம்மதியா இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊரே சேர்ந்து நான் கத்துவேன் என்று முடிவு கட்டிவிட்டது. அப்படியானால் போயே தீருவது என்று நானும் முடிவு கட்டினேன்.

போகிறவர்களுக்கு வழி: பண்ணைப்புரத்திலிருந்து உத்தமபாளையம், அங்கிருந்து கம்பம், கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி. மூன்று பஸ். காத்திருப்பதையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். நாங்கள் ஆறு மணிக்குக் கிளம்பினோம். சுருளிப்பட்டியிலிருந்து கரட்டடிக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய்.

"பறக்கவா தம்பி? போன வாரம் ஒருத்தர் வந்தாக" என்றார் ஆட்டோ அண்ணன். "மேல வரைக்கும் ஏறுனாக. அப்புறம் நடந்தே எறங்கி வந்துட்டாக. நா வெயிட் பண்ணவா?"

"வேணாம்ணே. நா வேற ரூட்ல எறங்குறேன்" என்றேன். செல்வி அக்காகூடச் சிரித்துவிட்டாள்.

கரடு ஏற இருபது நிமிடம். பைலட் குமுளிக்கார மலையாளி, எல்லாரும் சேட்டா என்றே கூப்பிட்டார்கள். வார்களை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ரெண்டே விஷயம் மோனே. ஏறும்போது ஓடணும், உக்காரக் கூடாது. எறங்கும்போது ரெண்டு காலையும் தூக்கணும். பேடி உண்டோ?" மலையாளத்தில் பேடி என்றால் பயம்.

"பேடியும் இல்ல, பீடியும் இல்ல சேட்டா."

அவர் சிரிக்கவில்லை. "ஓடு" என்றார்.

ஓடினேன். நாலைந்து அடிக்கு அப்புறம் தரை நின்றுவிட்டது, கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பார்த்தால், அடடா! தென்னை மரங்கள் யாரோ நட்சத்திரம் வரைந்து பழகினதுபோல் கிடந்தன. திராட்சைப் பந்தல்கள் பச்சைப் பாய். அதற்கு நடுவே முல்லையாறு வெயிலில் மின்னியது. ஒரு மொட்டை மாடியில் மிளகாய் காய்ந்தது; அதைக் கிளற வந்த கோழியை ஓர் அம்மா துடைப்பத்தோடு விரட்டிக்கொண்டிருந்தார். இதற்கு முன்னால் ராட்டினமெல்லாம் ஒரு உயரமா? கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

இறங்கும் இடம் ஒரு உழுத காடு, பக்கத்திலேயே திராட்சைத் தோட்டம். "பந்தல் வருது! காலு! காலு!" என்று சேட்டா கத்தினார். பந்தலுக்கடியில் முதுகு வளைத்தே வளர்ந்தவன் நான். 'பந்தல்' என்று காதில் விழுந்ததுமே தலை தானாகக் குனிந்தது. காலைத் தூக்க மறந்துவிட்டேன். ஷூ கடைசி வரிசை இலையை உரசிக்கொண்டு போக, உழவு மண்ணில் இருவரும் உருண்டோம். பந்தலுக்கும் சேதமில்லை, எங்களுக்கும் சேதமில்லை. தோட்டத்துக்காரர்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்: "பந்தலுக்கு மேல போறவன் எதுக்குடா குனியிற?"

சிரிக்கட்டும். அவர் தோட்டத்துக்கு மேலே அவர் பறந்ததில்லை. நான் பறந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. தை, மாசியில் போங்கள். ஆடிக்காற்றில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இட்லி இரண்டோடு நிறுத்துங்கள். கயிறு கட்டும் ஷூ நல்லது. பத்து நிமிடத்துக்கு ஆளுக்கு மூவாயிரம். வீடியோ வேண்டுமென்றால் தனியாக ஐநூறு. வீடியோ மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஏன் என்றால், செல்வி அக்கா எனக்குத் தெரியாமல் அதற்கும் கட்டியிருந்தாள். அன்று சாயங்காலமே சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டாள். பத்து நிமிடமும் நான் கண்ணைத் திறக்கவே இல்லை. தென்னை, ஆறு, மிளகாய், கோழி எல்லாம் எனக்கு அடுத்துப் பறந்த செல்வி அக்கா பார்த்தவை. எனக்குச் சொந்தமாகத் தெரிந்தது கயிறுகளில் காற்று ரீங்கரித்ததும், காலுக்கடியில் ஏறிய குளிரும், பின்னாலிருந்து வந்த தேங்காய் எண்ணெய் வாசமும்தான். ஆனாலும் ராட்டினத்தை நிறுத்த முடிந்தது, இதை நிறுத்த முடியவில்லை. அதனால் முழுசாகப் பறந்து முடித்தேன். அது பொய்யில்லை.

வீடியோவில் சத்தமும் இருக்கிறது. முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரைக்கும் ஒரே வரி: "எறக்கி விடுங்க சேட்டா! எறக்கி விடுங்க சேட்டா!"

செல்வி அக்கா வாக்குத் தவறவில்லை. ராட்டினம் என்ற பெயரை ஊர் முழுக்கச் சொல்லி அழித்துவிட்டாள்.

இப்போது ஊரில் என் பெயர் சேட்டா.